ஹைலைட்ஸா, பாலயாஜா? கருங்கூந்தலுக்கு எது பொருந்தும்: வாசகர் கேள்வி பதில்

முடியின் நிறத்தை லேசாக்குவது பற்றித்தான் இந்த முறை அதிகக் கடிதங்கள். பாதிக்கு மேல் ஒரே மாதிரி: ஒரு படம், அதன் கீழே "அக்கா, இது எனக்கு செட் ஆகுமா?" என்று ஒரு வரி. படத்தை மட்டும் பார்த்து என்னால் பதில் சொல்ல முடியாது. உங்கள் தலையில் இதுவரை என்னென்ன போட்டிருக்கிறீர்கள், வருஷத்தில் எத்தனை தடவை சலூனுக்குப் போக உங்களுக்கு நேரமும் காசும் இருக்கிறது, இந்த இரண்டும் தெரிந்தால்தான் சொல்ல முடியும். அந்த விவரங்களோடு எழுதியவர்களின் கேள்விகளை எடுத்துக்கொண்டேன்.

அக்கா, எனக்கு வயது 24, ஐ.டி. வேலை. இடுப்பு வரை முடி, இதுவரை எந்தச் சாயமும் போட்டதில்லை. பார்லரில் ஹைலைட்ஸ், பாலயாஜ், ஓம்ப்ரே, குளோபல் என்று அட்டையை நீட்டுகிறார்கள். ரொம்ப வெளுக்க வேண்டாம், வெயிலில் நின்றால் பிரவுனாகத் தெரிந்தால் போதும். எதைச் செய்யலாம்?
– வாசகி, கோயம்புத்தூர்

எதுவும் போடாத முடி என்றால் கலர் செய்பவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. உங்களுக்கு எல்லா வழியும் திறந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சலூனில் முடியின் கருமையை 1 முதல் 10 வரை எண்ணில் சொல்வார்கள். 1 என்றால் நல்ல கறுப்பு, 10 என்றால் வெளிறிய மஞ்சள். நம்மூர் முடி பெரும்பாலும் 1-க்கும் 3-க்கும் நடுவில் இருக்கும். வெயிலில் பிரவுனாகத் தெரிய 5 போதும், 6 என்றால் வீட்டுக்குள்ளேயும் தெரியும். நீங்கள் இன்ஸ்டாவில் பார்க்கிற தேன் நிறமெல்லாம் 7, 8. ப்ளீச் இல்லாமல் வெறும் கலர் க்ரீமும், அதில் கலக்கிற பெராக்சைடு திரவமான டெவலப்பரும் வைத்தே சாயம் படாத முடியை 2 அல்லது 3 படி ஏற்றிவிடலாம். அதற்கு மேலே போக ப்ளீச் பவுடர்தான் வேண்டும். அதாவது உங்கள் ஆசை ப்ளீச் தேவைப்படுமா படாதா என்கிற எல்லைக்கோட்டில் நிற்கிறது, இது நல்ல விஷயம்.

இப்போது முறைகள். குளோபல் என்றால் வேரிலிருந்து நுனி வரை முழுத் தலைக்கும் ஒரே நிறம். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வளரும், அதனால் ஒன்றரை மாதத்திலேயே வகிட்டில் கறுப்புக் கோடு தெரிய ஆரம்பிக்கும், அப்புறம் ரூட் டச்-அப், அப்புறம் இன்னொரு டச்-அப் என்று அது முடிவில்லாமல் போகும். ஹைலைட்ஸ் என்பது மெல்லிய கற்றைகளாகப் பிரித்து, வேருக்குப் பக்கத்திலிருந்தே ப்ளீச் தடவி, ஃபாயிலில் மடித்து வைப்பது. பளிச்சென்று தெரியும், ஆனால் இரண்டு மூன்று மாதத்தில் அதிலும் கோடு விழும். அதையே நூல் நூலாக எடுத்துச் செய்தால் பேபிலைட்ஸ். ஓம்ப்ரேயில் மேல்பாதி கறுப்பாகவே இருக்கும், கீழே போகப் போக வெளுக்கும். பாலயாஜில் ஸ்டைலிஸ்ட் பிரஷ்ஷை வைத்துக் கையாலேயே கற்றையின் மேல்பரப்பில் தீட்டுவார், வேரை விட்டுவிட்டு, மேலே லேசாகவும் நுனியில் அழுத்தமாகவும். 1970-களில் பாரிஸ் சலூன்களில் வளர்ந்த முறை அது. வேர் அப்படியே இருப்பதால் நான்கைந்து மாதம் சலூன் பக்கம் போகாவிட்டாலும் அசிங்கமாகத் தெரியாது.

உங்களுக்கு நான் சொல்வது பாலயாஜ்தான். ஆனால் ஒரு விஷயத்தைப் பார்லரில் கேட்டுக்கொள்ளுங்கள். காற்றுப்பட வைக்கிற பாலயாஜில் ப்ளீச் சீக்கிரம் காய்ந்துவிடும், காய்ந்தால் அதன் வேலை நின்றுவிடும். இயல்பாகவே பிரவுன் முடி உள்ளவர்களுக்கு அது போதும். நம் கருமுடியில் அப்படிச் செய்தால் நிறம் சிவப்பிலேயே நின்றுபோகும். அதனால் தீட்டிய கற்றைகளை ஃபாயிலால் மூடச் சொல்லுங்கள். நம் முடியில் வேலை செய்து பழகியவர் நீங்கள் கேட்காமலேயே அப்படித்தான் செய்வார், "ஃபாயில் எதுக்கு?" என்று கேட்பவரிடம் தலையைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, உங்கள் முடி இடுப்பு வரை. வருஷத்துக்கு ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் வளர்கிறது என்று கணக்குப் போட்டால் நுனி முடிக்கு நாலைந்து வயது. அத்தனை வருஷ வெயில், சீப்பு, ஹேர் ட்ரையர் எல்லாம் பட்டது அது. பாலயாஜில் அதிக ப்ளீச் படுவதும் அந்த நுனியில்தான். முதலில் இரண்டு அங்குலம் வெட்டிவிட்டு, 5-6 வரைக்கும் மட்டும் ஏற்றச் சொல்லி, முகத்தின் இரு பக்கமும் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னல் போட்டாலும் அழகாக இருக்கும்.

எனக்கு 38 வயது. பத்து வருஷமாக மாதா மாதம் மருதாணியும் அவுரிப் பொடியும் போடுகிறேன். இப்போது முன்பக்கம் மட்டும் பிரவுன் ஹைலைட்ஸ் வைக்க ஆசை. "மருதாணிதானே, இயற்கைதானே, ஒன்றும் ஆகாது" என்கிறார் பார்லர்காரம்மா. நம்பலாமா?
– வாசகி, மதுரை

நம்பாதீர்கள். இந்தப் பதிலுக்காகத்தான் இந்த வாரப் பகுதியையே எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம். வந்த கடிதங்களில் முடி பாழான கதைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

சுத்தமான மருதாணி முடியின் புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். ப்ளீச் வைத்தால் கொஞ்சம் ஏறும், பிடிவாதமான ஆரஞ்சில் நிற்கும். அதுவாவது பரவாயில்லை. அவுரி அப்படியில்லை. அது நீலச் சாயம், மருதாணியின் மேல் ஏறும்போதுதான் கறுப்பாகத் தெரிகிறது. ப்ளீச் படும்போது மருதாணி ஒரு பக்கமும் அவுரி ஒரு பக்கமும் போய், பாசிப் பச்சையாக முடி வெளியே வரும். பத்து வருஷப் படிவு இருக்கிறது உங்களுக்கு. நெற்றிக்குப் பக்கத்தில் பச்சைக் கற்றை வந்தால் மறுபடி கறுப்பு அடிப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. கடையில் "கறுப்பு மருதாணி" என்று பாக்கெட்டில் விற்பதெல்லாம் மருதாணி மட்டும் அல்ல. சிலவற்றில் பி.பி.டி. என்கிற ரசாயனச் சாயம் கலந்திருக்கும், சிலவற்றில் உலோக உப்புகள் இருக்கும். உலோக உப்பு ஏறிய முடியில் பெராக்சைடு பட்டால் ஃபாயிலுக்குள் கொதிக்கிற மாதிரி சூடேறும், முடி அறுந்து கையோடு வரும், தலைத்தோலும் வெந்துபோகும். நீங்கள் பத்து வருஷமும் ஒரே பொடியைத்தான் போட்டீர்களா, இடையில் எந்த பாக்கெட்டாவது வந்து போனதா என்று யோசித்துப் பாருங்கள். "ஹெர்பல்" என்ற எழுத்தை வைத்து முடிவு செய்யாமல் பின்பக்கத்துப் பட்டியலைப் படியுங்கள்.

சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. தலை சீவும்போது உதிர்கிற முடியைச் சேர்த்துவைத்து எடுத்துக்கொண்டு போங்கள். உலோகம் சேராத ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் 20 வால்யூம் (டெவலப்பரின் வீரியத்தைச் சொல்கிற அளவு) டெவலப்பர் 30 மில்லி, அதில் அமோனியாக் கரைசல் 20 சொட்டு, அதற்குள் அந்த முடியைப் போட்டு அரை மணி நேரம் வைப்பார்கள். கிண்ணம் சுட்டாலோ, நுரைத்தாலோ, நாற்றம் வந்தாலோ, முடி இழுத்தால் பிய்ந்துபோனாலோ ப்ளீச் பேச்சையே விட்டுவிட வேண்டும். எதுவும் ஆகவில்லையென்றால், காதுக்குப் பின்னால் வெளியே தெரியாத ஒரு சின்னக் கற்றையில் நிஜ ப்ளீச்சை வைத்து என்ன நிறம் வருகிறது என்று பார்க்க வேண்டும். கெமிக்கல் வேலை என்பதால் வீட்டில் முயற்சி செய்யாதீர்கள், இதைச் செய்து காட்ட மனமில்லாத பார்லரில் உங்களுக்கு வேலையும் இல்லை.

என் யோசனை வேறு. 38 வயதில் முன்பக்கம் கொஞ்சம் நரை இருக்கும், அதற்காகத்தானே அவுரி போடுகிறீர்கள்? அவுரியை நிறுத்திவிட்டு மருதாணியை மட்டும் தொடருங்கள். புதிதாக வளர்கிற நரை இழைகள் மட்டும் செம்பு நிறத்துக்கு வரும், சுற்றியிருக்கிற கறுப்பு கறுப்பாகவே இருக்கும். எந்த ப்ளீச்சும் இல்லாமல் ஹைலைட்ஸ் வைத்த மாதிரியே தெரியும். முன்பக்கம் மட்டும்தான் ஆசை என்கிறீர்கள், அங்கேதான் நரையும் இருக்கிறது, இதைவிடப் பொருத்தமாக எந்தச் சலூனும் வைத்துத்தர முடியாது.

காசு கொடுத்து ஹைலைட்ஸ் வைத்தேன். முதல் வாரம் அழகான காப்பி பிரவுன். இப்போது ஒன்றரை மாதத்தில் செம்பட்டையாக நிற்கிறது, அம்மா தினமும் திட்டுகிறார். யாரோ சொன்னார்கள் என்று பர்ப்பிள் ஷாம்பு வாங்கிப் போடுகிறேன், ஒன்றும் மாறவில்லை. நாங்கள் இருப்பது போர் தண்ணீர் வீடு.
– வாசகி, சென்னை

கருமுடியை வெளுக்கும்போது அது கறுப்பிலிருந்து நேராகப் பிரவுனுக்கு வராது. முதலில் சிவப்பு, அப்புறம் சிவப்பு கலந்த ஆரஞ்சு, அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள், கடைசியில் வெளிர் மஞ்சள் என்று ஒவ்வொரு படியாகத்தான் ஏறும். கறுப்பு நிறமி முதலில் உடைந்து போகும், சிவப்பு மஞ்சள் நிறமி கடைசி வரை ஒட்டிக்கொண்டு இருக்கும். நீங்கள் பார்த்த காப்பி பிரவுன் உங்கள் முடியின் நிறம் அல்ல, ஆரஞ்சின் மேல் பூசிய டோனரின் நிறம். டோனர் நான்கிலிருந்து எட்டு வாரத்துக்குள் கழுவிக் கழுவிப் போய்விடும். போனதும் அடியில் இருந்த ஆரஞ்சு வெளியே வந்துவிட்டது. பார்லரில் வேலையைக் கெடுத்துவிட்டார்கள் என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் டோனர் மங்கும், மறுபடி வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லாதது அவர்கள் தப்பு.

பர்ப்பிள் ஷாம்பு மஞ்சளை அடக்குவதற்கு. 8, 9 வரை வெளுத்த முடிக்குத்தான் அது. ஆரஞ்சுக்கு எதிர் நிறம் நீலம், நீங்கள் வாங்க வேண்டியது ப்ளூ ஷாம்பு. வாரம் ஒரு தடவை போதும். ஒன்றரை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை டோனர் மட்டும் வைத்துவிட்டு வாருங்கள், மறுபடி ப்ளீச் வேண்டாம்.

போர் தண்ணீர் என்று எழுதினீர்களே, அதுதான் முக்கியமான துப்பு. அதில் கால்சியமும் சில இடங்களில் இரும்பும் இருக்கும், ப்ளீச் பட்ட முடி எதையும் உறிஞ்சிக்கொள்ளும், அதனால் நிறம் இன்னும் செம்மையாக, மங்கலாகத் தெரியும். கடைசி ஒரு மக் தண்ணீரை மட்டுமாவது ஆர்.ஓ. தண்ணீராகவோ கேன் தண்ணீராகவோ வைத்து அலசுங்கள், மாதம் ஒரு முறை உப்புப் படிவை எடுக்கிற கிலேட்டிங் ஷாம்பு போடுங்கள். அடுத்த தடவை ப்ளீச் செய்வதற்கு முன்னாலும் அந்த ஷாம்புவால் ஒரு முறை அலசிவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

அம்மாவிடம் சொல்லுங்கள், டோனர் வைத்தால் சரியாகிவிடும் என்று. ஒன்று மட்டும் உங்களுக்கு. நம் முடிக்குச் செம்பு, தேன், பழுப்பு மாதிரி சூடான நிறங்கள் தானாகவே வரும், மங்கினாலும் அழகாகவே மங்கும். சாம்பல் கலந்த ஆஷ் பிரவுனைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள், அது நம் முடியின் அடிநிறத்தோடு ஒவ்வொரு வாரமும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கும். அடுத்த முறை காரமல், செஸ்ட்நட் பக்கம் போய்ப் பாருங்கள்.

முடி முப்பது சதவீதம் நரைத்துவிட்டது, வயது 46. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை டை அடித்து அடித்து அலுத்துவிட்டது. வெளுப்பதால் எனக்கு ஏதாவது பயன் உண்டா, அல்லது இளம்பெண்கள் சமாசாரமா?
– வாசகி, திருச்சி

உங்கள் வயதில்தான் இதற்கு நிஜமான பயன் இருக்கிறது அம்மா. கறுப்பு டைக்கு நடுவே வெள்ளை வேர் தெரிவதுதான் தொந்தரவு. இரண்டுக்கும் உள்ள இடைவெளி குறைந்தால் வேர் கண்ணில் உறுத்தாது. கறுப்பு இழைகளில் சிலவற்றை மட்டும் பேபிலைட்ஸ் மாதிரி மெல்லிசாக எடுத்து 6, 7 வரை லேசாக்கினால் கறுப்பு, பிரவுன், வெள்ளை எல்லாம் கலந்து நிற்கும், நரை அதில் ஒன்றாகிவிடும். சலூனில் க்ரே ப்ளெண்டிங் என்று கேளுங்கள்.

சிக்கல் எங்கே என்றால், உங்கள் தலையில் ஏற்கெனவே இருக்கிற கறுப்பு டை. கலர் க்ரீமால் இயற்கை நிறமியைத்தான் உடைக்க முடியும், பழைய சாயத்தை அது ஏற்றாது. ப்ளீச்தான் அதை எடுக்கும், அதுவும் திட்டுத் திட்டாக. வருஷக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த டை நுனியில் சிவந்து, நடுவில் கறுத்து, வேரில் மஞ்சளாக வெளியே வரும். ஆகவே ஒரே நாளில் முடியட்டும் என்று உட்காராதீர்கள். இரண்டு மாத இடைவெளியில் மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கற்றைகள் என்று போகட்டும். இடையில் வேருக்குக் கறுப்பு டை அடிக்காமல் இருப்பதுதான் கஷ்டம். அம்மோனியா இல்லாத, கழுவக் கழுவப் போகிற பிரவுன் கலரை அந்த நாட்களில் வைத்துக்கொள்ளலாம். ஒரு வருஷம் பொறுத்தால் அதன்பிறகு நான்கு மாதத்துக்கு ஒரு தடவை சலூன் போனால் போதும்.

எனக்கு நல்ல சுருள் முடி. ஹைலைட்ஸ் வைத்தால் சுருள் போய்விடும் என்கிறார்கள், நிஜமா?
– வாசகி, நாகர்கோவில்

அளவு மீறினால் போகும். நிறமியை எடுக்கும்போது ப்ளீச் முடிக்குள் இருக்கிற பிணைப்புகளையும் கொஞ்சம் உடைத்துவிடுகிறது, சுருளைப் பிடித்து நிறுத்துவதும் அதே பிணைப்புகள்தான். அதனால் 30, 40 வால்யூம் வேண்டாம், 20 வால்யூமில் நிதானமாக ஏற்றட்டும், 6-க்கு மேல் போக வேண்டாம். ஈரமாக்கிச் சீவி நேராக்கிய முடியில் கோடு கோடாக ஃபாயில் வைத்தால், காய்ந்து சுருண்டபின் அந்தக் கோடுகள் எங்கெங்கோ போய் நிற்கும். காய்ந்த சுருளை அப்படியே விட்டு, வெளிச்சம் விழுகிற சுருள்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தீட்டச் சொல்லுங்கள். நேரம் பிடிக்கும், காசும் கூடும், ஆனால் சுருள் முடிக்கு அதைவிட அழகான வேலை கிடையாது.

நான்கு மாதம் முன்பு பெர்மனென்ட் ஸ்ட்ரெய்ட்டனிங் செய்தேன். இப்போது பாலயாஜ் வைக்கலாமா? ஓலாப்ளெக்ஸ் போட்டுச் செய்தால் ஒன்றும் ஆகாது என்கிறார்கள்.
– வாசகி, ஈரோடு

வேண்டாம். ஸ்ட்ரெய்ட்டனிங்கே அந்தப் பிணைப்புகளை ஒரு தடவை உடைத்துத் திரும்பக் கட்டிய வேலை. அதன்மேல் ப்ளீச் என்றால் முடி ஈரத்தில் ரப்பர் போல் இழுபட்டு, காய்ந்ததும் முறியும். ஓலாப்ளெக்ஸ் 2014-இல் வந்தது, முடியின் பிணைப்புகளைப் பாதுகாக்கிற அந்த வகை பொருள்கள் உதவத்தான் செய்கின்றன, சேதத்தைக் குறைக்கும். ஆனால் செய்யக்கூடாத முடியில் செய்வதற்கு அது உத்தரவாதம் இல்லை. அவசரம் தாங்கவில்லையென்றால் ப்ளீச் இல்லாமல் ஒரு பளபளப்புக்கு க்ளாஸ் (gloss) என்கிற மேல்பூச்சு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நேராக்கிய பகுதி வெட்டி வெட்டிக் குறைந்தபின் பாலயாஜ்.

அண்ணன் கல்யாணத்துக்கு சில்வர் கலர் வைக்கணும். எனக்கு வயது 21, முடி சின்னதாகத்தான் இருக்கும். ஒரே நாளில் ஆகுமா?
– வாசகர், சேலம்

ஆகாது தம்பி. சில்வர் நிற்க முடி 10 வரை வெளுக்க வேண்டும், உங்கள் முடி 1 அல்லது 2. நடுவில் இருக்கிற தூரத்தை ஒரே நாளில் கடக்க வேண்டுமென்றால் அதிக வால்யூம் ப்ளீச்சைத் தலைத்தோலிலேயே மறுபடி மறுபடி வைக்க வேண்டும். தலைச்சூட்டில் வேருக்குப் பக்கத்தில் ப்ளீச் வேகமாக வேலை செய்யும், எரியும், கொப்புளம் வரும். இரண்டு வாரம் இடைவெளி விட்டுக் குறைந்தது இரண்டு மூன்று முறை உட்காருங்கள். சின்ன முடி என்பதால் ஒரு வசதி, கெட்டுப்போனாலும் மூன்று முடிவெட்டில் போய்விடும். அப்படிப் போன பிறகும் தோலில் பட்ட புண் இருக்கும், அதனால் எரிய ஆரம்பித்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே கழுவச் சொல்லுங்கள். சில்வர் டோனர் சில வாரம்தான் தாங்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு கடைசி உட்காரல் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் உட்கார்ந்தால் முடி பிரவுன் ஆகும் என்று வீடியோ பார்த்தேன். ஹாஸ்டலில் இருக்கிறேன், செலவு செய்ய முடியாது.
– மாணவி, தஞ்சாவூர்

செய்யாதே தங்கச்சி. இயல்பாகவே வெளிர் முடி உள்ளவர்களுக்குக் கொஞ்சம் மாறும், நம் கருமுடியில் வறட்சிதான் மிஞ்சும். அதைவிட, நம்மூர் எலுமிச்சைச் சாறு தோலில் பட்டு அதில் வெயிலும் பட்டால் சிலருக்குத் தோல் வெந்து கொப்புளமாகும், ஆறினாலும் நெற்றியிலும் கழுத்திலும் கருந்திட்டு மாதக்கணக்கில் போகாது. முகத்துக்குப் போடுகிற ப்ளீச் க்ரீமைத் தலையில் போடலாம் என்று சொல்கிற வீடியோவும் சுற்றுகிறது, அதையும் நம்பாதே. செலவு குறைவாக வேண்டுமென்றால் பிரவுன் நிறக் கற்றை ஒன்றிரண்டை க்ளிப் வைத்து மாட்டிக்கொள், நிறம் உனக்குப் பிடிக்கிறதா என்றும் தெரிந்துவிடும்.

டை போட்ட மறுநாள் காது ஓரம் அரித்து, கண் இமை வீங்கிவிட்டது. டாக்டர் டையை நிறுத்தச் சொல்லிவிட்டார். ப்ளீச்சில் டை இல்லையே, அது செய்யலாமா?
– வாசகி, திருநெல்வேலி

நீங்கள் நினைப்பதில் பாதி சரி. கறுப்பு டையில் அலர்ஜி கொடுப்பது பெரும்பாலும் பி.பி.டி., ப்ளீச் பவுடரில் அது கிடையாது. ஆனால் வெளுத்தபின் வைக்கிற டோனரில் பலவற்றில் அதுவோ அதன் நெருங்கிய சொந்தமோ இருக்கும், பி.பி.டி. ஒத்துக்கொள்ளாத நிறைய பேருக்கு அதுவும் ஒத்துக்கொள்வதில்லை. டோனர் இல்லாமல் விட்டால் ஆரஞ்சு. அதோடு ப்ளீச்சில் உள்ள பெர்சல்ஃபேட்டுக்குத் தனியாக அலர்ஜி வருவதும் உண்டு, ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அந்தப் பவுடரின் தூசியே மூச்சுத்திணறலைக் கொண்டுவரும். முதலில் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் செய்து எதெல்லாம் ஆகாது என்று எழுதி வாங்குங்கள், அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு சலூனுக்குப் போங்கள். அவர் சரி என்றால்கூட, தோலில் படாத பாலயாஜ் மட்டும், அதுவும் 48 மணி நேரத்துக்கு முன்பே காதுக்குப் பின்னால் சோதித்துவிட்டுத்தான். முகம் வீங்கி மூச்சு வாங்கினால் பார்லரில் உட்கார்ந்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இரண்டு மாத கர்ப்பம். ஏற்கெனவே வைத்த ஹைலைட்ஸ் வளர்ந்து கோடு விழுந்துவிட்டது. தொடலாமா?
– வாசகி, புதுச்சேரி

தோல் வழியாக உடம்புக்குள் போகிற அளவு மிகக் குறைவுதான். இருந்தாலும் முதல் மூன்று மாதம் முடியட்டும் என்றுதான் பல மருத்துவர்களும் சொல்கிறார்கள், உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அப்புறம் செய்வதானாலும் தோலில் படாத முறை, காற்றோட்டமான இடம். அந்த வாடையே குமட்டலாம். இன்னொரு விஷயம், பிரசவமாகி மூன்று நான்கு மாதத்தில் முடி நிறையக் கொட்டும், அது இயல்பு, தானாகவே நிற்கும். அந்தச் சமயத்தில் ப்ளீச் வைத்துவிட்டு "ப்ளீச்சால் கொட்டுகிறது" என்று பயப்பட வேண்டியிருக்கும். கோட்டை மறைக்க வகிட்டைக் கொஞ்சம் வளைத்து எடுங்கள், பெரிய வேலையைக் குழந்தைக்கு ஒரு வயதாகும்போது வைத்துக்கொள்ளலாம்.

வெளுத்த முடிக்கு எண்ணெய் வைக்கலாமா, சீயக்காய் போடலாமா?
– வாசகி, காரைக்குடி

தேங்காய் எண்ணெய் தாராளமாக வைக்கலாம், குளிப்பதற்கு முன்பு. 2003-இல் வந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள், ப்ளீச் செய்த முடியிலும்கூட புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், ஆனால் சலூனில் நான் தினமும் பார்க்கிறதும் அதோடு ஒத்துப்போகிறது. கரிசலாங்கண்ணி, மருதாணி போட்டுக் காய்ச்சிய எண்ணெய் வேண்டாம், வெளுத்த முடி அந்த நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். சீயக்காய்ப் பொடியும் சொரசொரப்பு, சிக்கு விழும்.

மூன்று வாரத்தில் எனக்குக் கல்யாணம். ரிசப்ஷனுக்கு முடியை விரித்து விட்டு ஹைலைட்ஸோடு நிற்க ஆசை. தாமதமாகிவிட்டதா?
– வாசகி, விருதுநகர்

பெரிய மாற்றத்துக்குத் தாமதம்தான். சின்ன மாற்றத்துக்கு நேரம் இருக்கிறது. ஆறு வாரம் முன்பு செய்திருந்தால் பிடிக்காததை மாற்ற அவகாசம் இருக்கும். இப்போது முழுத் தலையில் கைவைக்காமல், முகத்தைச் சுற்றிச் சில கற்றைகளும் நுனியில் கொஞ்சம் பாலயாஜும் மட்டும் இந்த வாரமே முடித்துவிடுங்கள். ரிசப்ஷனுக்கு நாலு நாள் முன்பு டோனர்.

நலங்கு இருக்குமே, அதில் கவனம். வெளுத்த முடியில் மஞ்சள் பட்டால் அந்த இடம் மஞ்சளாகவே நிற்கும், ஷாம்பு போட்டாலும் லேசில் போகாது. மஞ்சள் பூசும்போது முடியைத் தேங்காய் எண்ணெய் வைத்து இழுத்துக் கொண்டை போட்டு, மேலே ஒரு துணியைக் கட்டிக்கொள்ளுங்கள், பெரியவர்கள் தலையிலும் வைப்பார்கள் என்றால் உச்சியில் மட்டும் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் கற்றைகள் முன்னாலும் நுனியிலும்தான் இருக்கும், உச்சியில் பட்டால் பாதகமில்லை. டோனரை நலங்கு முடிந்த பிறகு வரும்படி தேதி குறியுங்கள். முகூர்த்தத்துக்குச் சடை தைத்துப் பூ வைத்து மூடிவிடுவார்கள், அங்கே நிறத்துக்கு வேலை இல்லை. ரிசப்ஷனில் சுருட்டுவதற்கு டாங் வைப்பார்கள், 180 டிகிரிக்கு மேல் வைக்க வேண்டாம் என்று மேக்கப் செய்பவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பார்லரில் பேசும்போது டோனர், ஹேர் வாஷ், கட் எல்லாம் சொன்ன விலைக்குள் வருமா, தனியா என்று கேட்டு எழுதி வாங்குங்கள், கல்யாண சீசனில் ரேட் ஏறியிருக்கும்.